சிறுபான்மையினரும் அகதிகளும் நடத்தும் சிறுதொழில்களுக்கு உள்ளூரில் துணைநிற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறுபான்மைச் சமூகத்தினரும் அகதிகளாக வந்தவர்களும் நடத்தும் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் கணக்கு எழுதுவதிலும், உரிமம் பெறுவதிலும், கடன் விண்ணப்பம் தயாரிப்பதிலும் துணைசெய்து வருகிறேன். குடியிருப்போர் சங்கத்தார், வணிகர் சங்கத்தார், கட்டட உரிமையாளர்கள், நல்லெண்ணம் கொண்ட வாடிக்கையாளர்கள் என யார் வந்தாலும் அவர்கள் எழுப்பும் ஐயங்கள் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்குத் தொகுத்திருக்கிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், எந்த விதி எங்கே நடைமுறையில் உள்ளது என்பதை அந்தந்த இடத்திலேயே குறித்துள்ளேன். உங்கள் ஊரில் எது பொருந்தும் என்பதை அங்குள்ள வழக்கறிஞரிடமோ வணிக அலுவலகத்திலோ உறுதிசெய்துகொள்வது நல்லது.

சிறுபான்மையினர் தொழில், அகதிகள் தொழில் என்று எதைச் சொல்கிறீர்கள்? இரண்டும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. சிறுபான்மைச் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் தலைமுறைகளாக அந்நாட்டுக் குடிமகனாக இருக்கலாம். மொழியிலோ ஆவணத்திலோ அவருக்குக் குறை எதுவும் இருக்காது. அவருக்கு எதிரே நிற்கும் தடைகள் வேறு: அடமானம் வைக்கச் சொத்து இல்லாமை, கடன் கொடுப்போரின் முன்முடிவு, பெரிய கொள்முதல் செய்பவர்களோடு அறிமுகம் இல்லாமை. அகதிக்கோ இவற்றோடு சட்டத் தகுதி, இழந்த சான்றிதழ்கள், புதிய மொழி, ஊரில் எவரையும் அறியாத நிலை ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன.

கொள்முதல் திட்டங்களில் இதற்கு ஓர் அளவுகோல் உண்டு. அமெரிக்காவில் 1972-இல் தொடங்கப்பட்ட தேசிய சிறுபான்மையினர் வழங்குநர் மேம்பாட்டு மன்றம், ஒரு தொழிலைச் சிறுபான்மையினர் தொழில் என்று சான்றளிப்பதற்கு, நிறுவனத்தின் உரிமையில் குறைந்தது 51 விழுக்காடு சிறுபான்மையினரிடம் இருக்க வேண்டும் என்றும், அன்றாட நிர்வாகமும் அவர்கள் கையிலேயே இருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. அகதிகளுக்கென்று இப்படிப் பரவலாக ஏற்கப்பட்ட சான்றிதழ் முறை இல்லை. ஆகவே இருவரையும் ஒரே திட்டத்துக்குள் அடக்கும்போது, விண்ணப்பத்தில் கேட்கும் ஆவணங்களை மட்டுமாவது தனித்தனியாக வகுக்க வேண்டியிருக்கும்.

அகதிகள் சட்டப்படி தொழில் தொடங்கலாமா?

1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை, 18-ஆம் பிரிவில் இதைப் பற்றிப் பேசுகிறது. ஒரு நாட்டில் சட்டப்படி தங்கியிருக்கும் அகதி வேளாண்மை, தொழில், கைவினை, வணிகம் ஆகியவற்றில் சொந்தமாக ஈடுபடவும் நிறுவனம் தொடங்கவும் இயன்ற அளவு சாதகமாக நடத்தப்பட வேண்டும். எப்படியும் அதே நிலையிலுள்ள பிற வெளிநாட்டவரைவிடக் குறைவாக நடத்தப்படக் கூடாது. குடிமக்களுக்கு நிகரான உரிமை என்று அப்பிரிவு சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். உகாண்டா 2006-ஆம் ஆண்டின் அகதிகள் சட்டத்தில் வேலை செய்யவும் நாட்டுக்குள் சென்றுவரவும் உரிமை அளித்தது. கொலம்பியா 2021-இல் வெனிசுவேலா மக்களுக்குப் பத்தாண்டுத் தற்காலிகப் பாதுகாப்பு அனுமதியைக் கொண்டுவந்தது.

புகலிடம் கேட்டு முடிவுக்குக் காத்திருப்பவரின் நிலை வேறு. பிரிட்டனில் அத்தகையவர் சொந்தத் தொழில் நடத்த அனுமதி இல்லை. நல்லெண்ணத்தோடு அவருக்கு ஒரு கடையை அமைத்துக் கொடுப்பது அவருடைய வழக்கையே கெடுத்துவிடக்கூடும். முதலில் ஆவணத்தைப் பாருங்கள். உதவியைப் பற்றி அதன்பிறகு பேசலாம்.

எல்லாச் சிறுதொழிலுக்கும் கஷ்டம்தானே? இவர்களுக்கு மட்டும் தனி உதவி எதற்கு?

கஷ்டம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் அதைச் சமாளிக்கும் வழிகள் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. புதிதாகத் தொழில் தொடங்குபவர் பெரும்பாலும் முதல் பணத்தை வங்கியில் வாங்குவதில்லை. சேமிப்பு, பெற்றோர், மைத்துனர், பழைய முதலாளி, கடனுக்குச் சரக்குக் கொடுக்கும் மொத்த வியாபாரி என்ற வட்டத்தில்தான் திரட்டுகிறார். அந்த வட்டமே சிதறிப்போனவருக்கும், தலைமுறைகளாகச் சொத்துச் சேர்க்க வழியில்லாமல் இருந்த சமூகத்தவருக்கும் இந்த முதற்படி இல்லை. நான் சொல்லும் உதவிகளில் பெரும்பகுதி இந்த இடைவெளியை நிரப்புவதே தவிர, போட்டியில் சலுகை கொடுப்பது அன்று.

நான் வெறும் வாடிக்கையாளர். என்னால் என்ன செய்துவிட முடியும்?

தவறாமல் வாங்கலாம். திறப்பு விழா வாரத்தில் கூட்டமாகச் சென்று, பிறகு ஓராண்டு எட்டிப் பார்க்காமல் இருப்பதைவிட, மாதத்துக்கு இருமுறை தவறாமல் வாங்கும் சிலரே ஒரு கடையைக் காப்பாற்றுகிறார்கள். எவ்வளவு சரக்கு எடுக்கலாம், ஆள் வைக்கலாமா என்பதையெல்லாம் கடைக்காரர் நிலையான விற்பனையைக் கொண்டுதான் முடிவுசெய்கிறார். இரக்கத்தால் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. நட்பைச் சொல்லித் தள்ளுபடி கேட்காமல் இருந்தால் போதும்.

குறை இருந்தால் நேரில் சொல்லுங்கள். “பாவம், எதற்குச் சொல்ல வேண்டும்” என்று மௌனமாக விலகிவிடும் வாடிக்கையாளரால், எதைத் திருத்த வேண்டும் என்பதே தெரியாமல் வியாபாரம் தேய்கிறது. நன்றாக இருந்தால் இணையத்தில் இரண்டு வரி எழுதுங்கள்; பொருளைப் பற்றி எழுதுங்கள், அவருடைய துயரக் கதையைப் பற்றி வேண்டாம். தையலோ பழுதுபார்ப்போ அச்சு வேலையோ எதுவானாலும், அலுவலகத்துக்கோ சங்கத்துக்கோ மொத்தமாகத் தேவைப்படும்போது அவரிடமும் விலை கேட்டுப் பாருங்கள். தனி வாடிக்கையாளர் ஒருவரால் செய்யக்கூடியவற்றுள் இதுவே பெரியது.

வங்கிக் கணக்கே கிடைக்கவில்லை என்கிறார்களே, நம்பும்படியாகவா இருக்கிறது?

நம்பலாம். நிலையான முகவரி, ஏற்கத்தக்க அடையாள ஆவணம், வருமானத்தின் மூலம் ஆகிய மூன்றையும் வங்கி கேட்கும். கள்ளப்பணத் தடுப்பு விதிகளுக்கு அஞ்சும் கிளை ஊழியர், தமக்குப் பழக்கமில்லாத ஆவணத்தைக் கண்டால் மறுத்துவிடுவதே பாதுகாப்பு என்று நினைப்பார். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014-ஆம் ஆண்டின் பணக் கணக்குகள் நெறிமுறை, புகலிடம் கோருவோர் உட்படச் சட்டப்படி வசிக்கும் ஒவ்வொருவருக்கும் அடிப்படைக் கணக்கு பெறும் உரிமையைத் தந்திருக்கிறது. ஆனால் அது தனிநபர் கணக்கு. தொழில் கணக்குக்கு அந்த உரிமை நீளாது. இந்த வேறுபாடு தெரியாமல் பலர் தனிநபர் கணக்கிலேயே வியாபாரப் பணத்தையும் போட்டு, பிறகு கணக்கு முடக்கப்பட்டுத் தவிக்கிறார்கள்.

உள்ளூரில் செய்யக்கூடியது எளிது. அகதிகளுக்கு வழங்கப்படும் ஆவணங்களை ஏற்ற அனுபவமுள்ள கிளை எது, அதிகாரி யார் என்று கேட்டறிந்து வைத்துக்கொள்ளுங்கள். முதல்முறை செல்லும்போது உடன் செல்லுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரும்படி கேளுங்கள். எழுத்தில் கேட்டதுமே மறுப்பு மறுபரிசீலனையாக மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கடன் கொடுப்பது நல்லதா, மானியம் கொடுப்பது நல்லதா?

எதற்குக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. திரும்ப வருமானம் தராத செலவுகளுக்கு மானியம் பொருந்தும்: உரிமக் கட்டணம், சான்றிதழ் மொழிபெயர்ப்பு, தகுதித் தேர்வு, பாதுகாப்பு ஆய்வு, முதல் காப்பீட்டுத் தவணை போன்றவை. சரக்குக்கும் இயந்திரத்துக்கும் கடன் பொருந்தும், ஏனெனில் அவை பணத்தைத் திரும்பக் கொண்டுவரும். கடனை ஒழுங்காகத் திருப்பிய பதிவு அடுத்த கடனுக்கு வழிகாட்டும் என்பது கூடுதல் பயன். மானியத்தில் அது இல்லை.

மிகத் தவறானது, எல்லாவற்றையும் ஒரே பெரிய தொகையாகத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுவது. பெரிய தொகை கையில் இருந்தால் தேவைக்கு மீறிய பெரிய இடமும் அலங்காரமும்தான் முதலில் வரும். கால அட்டவணை போட்டு, விற்பனை தொடங்கிய பிறகு அடுத்த தவணை என்று வைப்பதே பாதுகாப்பானது.

கடன் வரலாறே இல்லாதவரை எப்படி நம்பிக் கடன் கொடுப்பது?

வங்கியின் பதிவேட்டில் வரலாறு இல்லை என்பதால் வரலாறே இல்லை என்று ஆகிவிடாது. வாடகை, மின்கட்டணம், தொலைபேசிக் கட்டணம் ஆகியவற்றை ஒழுங்காகச் செலுத்திய ரசீதுகள், சரக்குக் கொடுத்த மொத்த வியாபாரியின் கடிதம், விற்பனைக் குறிப்பேடு ஆகியவை எல்லாம் சான்றுகளே. சுழற்சி முறையில் பணம் சேர்க்கும் சீட்டு உலகெங்கும் உண்டு: எத்தியோப்பியர் அதை ‘எகூப்’ என்பர், சோமாலியர் ‘ஹக்பாத்’ என்பர், கொரியர் ‘கே’ என்பர், மேற்கு ஆப்பிரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் ‘சுசு’ என்பர். ஆண்டுக்கணக்கில் தவணை தவறாமல் சீட்டுக் கட்டியவரின் நாணயம், பல வங்கிப் படிவங்கள் காட்டுவதைவிடத் தெளிவானது. ஆனால் அதற்கு எழுத்துப் பதிவு வேண்டும். சீட்டு நடத்துபவரிடம் கையொப்பமிட்ட குறிப்பேடு வைக்கச் சொல்லுங்கள்.

2005-இல் தொடங்கப்பட்ட கிவா என்ற அமைப்பு வேறொரு வழியைக் கையாள்கிறது. அமெரிக்காவில் அது சிறுதொழில்களுக்கு வட்டியில்லாக் கடன் திரட்டித் தருகிறது. அங்குக் கடன் கேட்பவர் முதலில் தம்முடைய உறவினரும் நண்பரும் அடங்கிய வட்டத்திலிருந்தே சிலரைச் சிறு தொகை கொடுக்க வைக்க வேண்டும். அதன்பிறகே பொதுமக்கள் முன் அவருடைய விண்ணப்பம் வைக்கப்படும். அவரை அறிந்தவர்கள் பணம் வைக்கத் தயாராக இருப்பதே அங்குப் பிணை. ஊர் அளவில் நடத்தப்படும் சிறிய கடன் நிதிக்கும் இந்த முறை ஒத்துவரும். ஆனால் ஒரு குறை உண்டு: யாரையும் அறியாமல் தனியாக வந்து சேர்ந்தவர் இதில் தோற்றுப்போவார். அவருக்காகப் பிணை நிற்கும் பங்கை உள்ளூர்ச் சங்கம் ஏற்கலாம்.

வட்டிக்குக் கடன் வாங்க மாட்டேன் என்று ஒருவர் சொன்னால்?

அதை வாதம் செய்து மாற்ற முயல வேண்டாம். இஸ்லாமிய நிதி முறையில் ‘முராபஹா’ என்றொரு ஏற்பாடு உண்டு: நிதி கொடுப்பவரே இயந்திரத்தையோ சரக்கையோ வாங்கி, முன்கூட்டியே அறிவித்த இலாபம் சேர்த்துத் தவணைக்கு விற்கிறார். வட்டியில்லாக் கடனான ‘கர்ழ் ஹஸன்’ என்பதும் உண்டு. உங்கள் சங்கத்தின் கடன் விதிகளில் இவ்விரண்டுக்கும் இடம் வைத்தால், இதுவரை வாசல்படி ஏறாத பலர் வருவார்கள்.

கடை இடம் இருக்கிறது, கொடுக்கத் தயக்கம். நடுவில் போட்டுவிட்டுப் போய்விட்டால் என்ன செய்வது?

எந்த வாடகைதாரரும் போகலாம். அதற்காகத்தான் முன்பணம் இருக்கிறது. அகதியிடம் மட்டும் ஓராண்டு வாடகையை மொத்தமாகக் கேட்டால் சரக்கு வாங்க வேண்டிய பணம் அதிலேயே முடங்கிவிடும். சரக்கு இல்லாத கடை உங்களுக்கும் வாடகை தராது. இதற்கு நடுவழிகள் உண்டு. முதல் ஆறு மாதத்துக்குக் குறைந்த வாடகையும் பிறகு விற்பனையோடு ஏறும் வாடகையும் வைக்கலாம். முன்பணத்தின் ஒரு பகுதிக்கு உள்ளூர்ச் சங்கம் உத்தரவாதக் கடிதம் தரலாம். ஓராண்டு முடிவில் இரு தரப்பும் விலகிக்கொள்ளும் விதியை ஒப்பந்தத்தில் சேர்க்கலாம்.

குத்தகை எடுப்பவரின் பக்கத்திலிருந்தும் ஒரு சொல். கூரையும் கழிவுநீர்க் குழாயும் பழுதானால் யார் செலவு, தொழிலை வேறொருவருக்கு விற்றால் குத்தகை அவருக்கு மாறுமா ஆகிய இரண்டையும் படிக்காமல் கையொப்பமிட்டவர்கள்தான் அதிகம் நட்டப்படுகிறார்கள். ஒப்பந்தத்தை அவருடைய மொழியில் விளக்க ஒரு மொழிபெயர்ப்பாளரை வையுங்கள். பள்ளியில் படிக்கும் பிள்ளையை நடுவில் நிறுத்தி ஒப்பந்தம் படிக்கச் செய்யும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அது பிள்ளைக்கும் நல்லதன்று, ஒப்பந்தத்துக்கும் நல்லதன்று.

வீட்டிலிருந்தே செய்கிற பெண்களையும் தொழில்முனைவோர் என்று சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம், ஆனால் பெரும்பாலான திட்டங்கள் பதிவு எண்ணும் கடை முகவரியும் கேட்பதால் இவர்கள் கணக்கில் வருவதே இல்லை. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாதவருக்கு வீடுதான் பட்டறை. ஜோர்தான் 2018-இல் முகாம்களுக்கு வெளியே வசிக்கும் சிரியா அகதிகள் வீட்டிலிருந்தே நடத்தும் சில வகைத் தொழில்களைப் பதிவுசெய்ய அனுமதித்தது. தையலும் கைவினையும் அவற்றில் அடங்கும். உங்கள் நகராட்சி எந்தெந்தத் தொழிலை வீட்டில் செய்ய அனுமதிக்கிறது, அக்கம்பக்கத்தார் ஒப்புதல் தேவையா, காப்பீடு செல்லுமா என்பவற்றை ஒரே பக்கத்தில் எழுதி அவர்கள் மொழியில் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது. பயிற்சி நடத்தினால் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறையும் ஓர் ஆளும் ஏற்பாடு செய்யுங்கள்.

எங்கள் நிறுவனம் அவர்களிடம் வாங்கத் தயார். ஒப்பந்தப்புள்ளி கோரினால் ஒருவர்கூட வருவதில்லையே, ஏன்?

உங்கள் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தை எடுத்துப் பாருங்கள். விடை பெரும்பாலும் அதிலேயே இருக்கும். மூன்றாண்டுத் தணிக்கைக் கணக்கு, ஒப்பந்தத் தொகையைப் போலப் பல மடங்கு ஆண்டு விற்பனை, பெருந்தொகைக் காப்பீடு, இதற்கு முன் இதே அளவு பணி செய்த அனுபவம் என்று கேட்டால் சிறுதொழில் எதுவும் உள்ளே வராது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டுப் பொதுக் கொள்முதல் நெறிமுறை இந்தச் சிக்கலை நேரடியாகத் தொடுகிறது: பெரிய ஒப்பந்தத்தைச் சிறு பகுதிகளாகப் பிரிக்க வேண்டும், பிரிக்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும், ஆண்டு விற்பனைத் தகுதியை, தக்க காரணம் இருந்தாலன்றி, ஒப்பந்த மதிப்பின் இருமடங்குக்கு மேல் கேட்கக் கூடாது. அந்த நெறிமுறை உங்களைக் கட்டுப்படுத்தாவிட்டாலும் இவ்விரண்டு விதிகளையும் நீங்களாகவே ஏற்றுக்கொள்ளலாம். ஒரு மருத்துவமனையின் துணி துவைக்கும் பணி முழுவதையும் எடுக்க முடியாதவரால், அதன் ஒரு கட்டடத்துக்குரிய சீருடைகளைத் துவைத்துத் தர முடியும்.

அடுத்தது பணம் கொடுக்கும் காலம். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது: தொண்ணூறு நாள் கழித்துப் பணம் தரும் பெரிய ஆணை, கையில் முதல் இல்லாத தொழிலைக் கொன்றுவிடும். சரக்குக்கும் கூலிக்கும் இன்று செலவழித்தவர் மூன்று மாதம் காத்திருக்கக் கைமாற்று வாங்குவார். இலாபம் வட்டியில் போய்விடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ஆம் ஆண்டுத் தாமதக் கட்டண நெறிமுறைப்படி அரசு அமைப்புகள் பொதுவாக முப்பது நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். சிறு வழங்குநருக்குப் பத்து நாள் என்று நீங்கள் வைத்தால், அல்லது ஆணையோடு மூன்றில் ஒரு பங்கு முன்பணம் கொடுத்தால், அது எந்த மானியத்தைவிடவும் பெரிய உதவி. உங்கள் கணக்குப் பிரிவில் ஒரு விதியை மாற்றுவதைத் தவிர வேறு செலவும் இல்லை.

மூன்றாவது, அழைப்பு எங்கே போய்ச் சேருகிறது என்பது. அரசிதழிலும் உங்கள் இணையதளத்திலும் வெளியிட்டுவிட்டு யாரும் வரவில்லை என்பது சரியன்று. வழிபாட்டுத் தலம், மொழி வகுப்பு, சமூக வானொலி, மொத்த வியாபாரியின் கடை ஆகிய இடங்களில் அறிவிப்பு இருக்க வேண்டும். தோற்றவர்களுக்கு ஏன் தோற்றார்கள் என்பதை ஒரு பத்தியில் எழுதி அனுப்புங்கள். இரண்டாம் முறை அவர்களே நல்ல விண்ணப்பத்தோடு வருவார்கள்.

51 விழுக்காடு என்று காகிதத்தில் காட்டிவிட்டு வேறொருவர் நடத்தினால் எப்படிக் கண்டுபிடிப்பது?

இத்தகைய முகமூடி நிறுவனங்கள் எல்லா ஒதுக்கீட்டுத் திட்டங்களிலும் தலைகாட்டுகின்றன. காசோலையில் கையொப்பமிடுபவர் யார், விலையை முடிவுசெய்பவர் யார், இலாபம் எந்தக் கணக்குக்குப் போகிறது, உரிமையாளருக்கு அத்தொழில் தெரியுமா என்ற கேள்விகளோடு பணியிடத்துக்கு நேரில் சென்றால் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆனால் இந்த அச்சத்தால் எல்லாரிடமும் மலையளவு ஆவணம் கேட்டால், முந்தைய விடையில் சொன்ன சிக்கலுக்கே திரும்பி வருவோம். சிறிய ஆணைகளுக்குச் சுய உறுதிமொழியும், பெரியவற்றுக்கு நேரடி ஆய்வும் போதும்.

இவர்கள் கடை வைத்தால் ஏற்கெனவே இருப்பவர்களின் பிழைப்பு கெடாதா?

சில இடங்களில் சிலருக்குப் போட்டி கூடும். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முதல் அடி விழுவது பெரும்பாலும் அதே சமூகத்தைச் சேர்ந்த, அதே வகைக் கடை வைத்திருக்கும் மற்றவருக்குத்தான். ஒரே தெருவில் ஒரே தொழிலை ஐந்து பேர் தொடங்கி ஐவரும் நலிவது நான் அடிக்கடி காணும் காட்சி. அதனால் கடனுதவிக்கு முன் அப்பகுதியில் எது ஏற்கெனவே மிகுதி, எது இல்லை என்பதைக் காட்டும் எளிய பட்டியல் ஒன்றை வணிகர் சங்கம் தயாரித்துக் கொடுத்தால் இரு தரப்புக்கும் நன்மை.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய கணக்கெடுப்பு 2014-இல் வெளிவந்தது. அங்குள்ள அகதிகளில் 21 விழுக்காட்டினர் குறைந்தது ஒருவரையாவது வேலைக்கு வைத்துத் தொழில் நடத்தினர். அவர்களிடம் வேலை பார்த்தவர்களில் 40 விழுக்காட்டினர் உகாண்டா நாட்டவர். கென்யாவின் ககூமா முகாமிலும் அதை ஒட்டிய ஊரிலும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழில்கள் இருப்பதாகவும், அங்குள்ள சந்தையின் ஆண்டு மதிப்பு ஏறத்தாழ 5.6 கோடி அமெரிக்க டாலர் என்றும் உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகம் 2018-இல் கணக்கிட்டது. அத்தனை சரக்கும் எங்கிருந்தோ வாங்கப்பட்டதுதான். உள்ளூர் மொத்த வியாபாரிகளுக்கும் அதில் பங்கு உண்டு.

பயிற்சி வகுப்பு நடத்தினோம், பாதியில் நின்றுவிட்டார்கள். அக்கறை இல்லையோ?

வேலை நேரத்தில் வகுப்பு வைத்தால் கடையை யார் பார்ப்பது? மேலும், சொந்த ஊரில் பல ஆண்டுகள் தொழில் நடத்தியவருக்கு “தொழில் என்றால் என்ன” என்று தொடங்கும் பாடம் சலிப்பைத்தான் தரும். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் அன்டிகோனிஷ் என்ற சிற்றூருக்கு அகதிகளாக வந்த சிரியா நாட்டு ஹதாத் குடும்பத்தார் டமாஸ்கஸில் பெரிய சாக்லேட் தொழிற்சாலை வைத்திருந்தவர்கள். போரில் அது அழிந்தது. அவர்களுக்கு உற்பத்தி பற்றிய பாடம் தேவைப்படவில்லை. ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு சிறிய கொட்டகை கட்டிக் கொடுத்தார்கள். அவர்கள் வேலையைத் தொடங்கினார்கள்.

தெரியாதது பெரும்பாலும் தொழில் அன்று, அந்த நாட்டின் வரி, உரிமம், ஆள் அமர்த்தும் சட்டம் ஆகியவைதான். அவற்றைத் தனித்தனி ஒரு மணிநேரச் சந்திப்புகளாக, கடையிலேயே, அவருடைய உண்மையான ரசீதுகளை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுங்கள்.

“அகதி நடத்தும் கடை” என்று போட்டு விளம்பரம் செய்து கொடுக்கலாமா?

அவர் கேட்டால் செய்யலாம். கேட்காமல் செய்யக் கூடாது. விட்டு வந்த நாட்டில் இன்னும் உறவினர் இருப்பவருக்குப் பெயரும் படமும் வெளியாவது ஆபத்தாகலாம். ஆபத்து இல்லாவிட்டாலும், பத்தாண்டு ஆன பிறகும் தம்மை அகதி என்றே அழைப்பதைப் பலர் விரும்புவதில்லை. படம் எடுப்பதற்கு முன் அது எங்கே, எவ்வளவு காலம் இருக்கும் என்பதைச் சொல்லி எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள்; பிறகு நீக்கச் சொன்னால் நீக்கிவிடுங்கள். நன்கொடையாளருக்குக் காட்டுவதற்காகக் கடைக்காரரைத் துயரக் கதை சொல்ல வைக்கும் கூட்டங்களை நான் இப்போது ஏற்பதில்லை.

வருமானம் வந்தால் அரசு உதவித்தொகை நின்றுவிடும் என்று பதிவு செய்யவே அஞ்சுகிறார்கள். என்ன சொல்வது?

அந்த அச்சத்துக்குப் பல இடங்களில் நியாயம் உண்டு. முதல் மாதங்களில் தொழில் தரும் பணம் உதவித்தொகையைவிடக் குறைவாக இருந்து, உதவியும் நின்றுபோனால் குடும்பம் இரண்டையும் இழக்கும். “பயப்படாமல் பதிவு செய்யுங்கள்” என்று பொதுப்படையாகச் சொல்வது பொறுப்பற்றது. எந்த அளவு வருமானத்துக்குமேல் உதவி குறைகிறது, ஒரேயடியாக நிற்கிறதா, படிப்படியாகக் குறைகிறதா, தொழில் தொடங்குவோருக்கு விலக்குக் காலம் உண்டா என்பதை உதவித்தொகை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அதன்பின் மாதவாரிக் கணக்குப் போட்டுக் காட்டினால் அவரே முடிவெடுப்பார். பதிவு செய்யாமலே இருந்தால் அபராதம் வரும், காப்பீடு கிடைக்காது, கொள்முதல் ஆணைகளுக்கும் தகுதி இருக்காது என்பதையும் அந்தக் கணக்கில் சேருங்கள்.

ஒரு சமூகத்துக்கு மட்டும் நிதி கொடுத்தால் அதுவே பாகுபாடு ஆகிவிடாதா?

கேள்வி நியாயமானது, நீதிமன்றங்களும் இதைத்தான் கேட்கின்றன. அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரம், பொதுப்பணி ஒப்பந்தம் பெறுபவர்கள் தொகையில் 30 விழுக்காட்டைச் சிறுபான்மையினர் நிறுவனங்களுக்கு உள் ஒப்பந்தமாகக் கொடுக்க வேண்டும் என்று விதித்திருந்தது. நகர மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் கறுப்பினத்தவர். ஆனால் முதன்மை ஒப்பந்தங்களில் 0.67 விழுக்காடே சிறுபான்மையினருக்குக் கிடைத்திருந்தது. அப்படியிருந்தும் 1989-இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது: மக்கள்தொகையோடு ஒப்பிடுவது போதாது, அப்பணிக்குத் தகுதியுள்ள நிறுவனங்களோடு ஒப்பிட்டு, பாகுபாடு நடந்ததைக் காட்ட வேண்டும் என்றது. அதன்பிறகுதான் அமெரிக்க நகரங்கள் கொள்முதல் ஏற்றத்தாழ்வை அளக்கும் ஆய்வுகளை நடத்தத் தொடங்கின. தனியார் நிதியும் இதற்கு விலக்கில்லை. கறுப்பினப் பெண்களின் தொழில்களுக்கு மட்டும் மானியம் கொடுத்த ஃபியர்லெஸ் ஃபண்டின் திட்டத்தை 2024 ஜூனில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று நிறுத்திவைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் சமரசம் ஏற்பட்டு அத்திட்டம் மூடப்பட்டது. அந்த வழக்குக்கு அடிப்படையாக வைக்கப்பட்டது, விடுதலை பெற்ற அடிமைகளைக் காப்பதற்காக 1866-இல் இயற்றப்பட்ட சட்டம்.

நாட்டுக்கு நாடு சட்டம் மாறும் என்றாலும், உள்ளூர்ச் சங்கத்துக்கு இதிலிருந்து ஒரு நடைமுறை கிடைக்கிறது. இனத்தையோ மதத்தையோ தகுதியாக வைக்காமல், தடையையே தகுதியாக வையுங்கள்: கடன் வரலாறு இல்லாதவர், அடமானச் சொத்து இல்லாதவர், நாட்டுக்கு வந்து ஐந்தாண்டுக்குள் தொழில் தொடங்குபவர், முதல் தலைமுறைத் தொழில்முனைவோர். தடை யாரை அதிகம் தாக்குகிறதோ அவர்களே அதிகம் வருவார்கள்; அதே தடையுள்ள பெரும்பான்மைச் சமூகத்தவர் வந்தால் அவரும் பெறட்டும். இந்த வழியில் சில நேரம் உண்மையான இனப் பாகுபாடு கண்ணுக்குத் தெரியாமல் போகும் என்ற மறுப்பு உண்டு. அது சரியான மறுப்புத்தான். ஆகவே யாருக்குக் கடன் மறுக்கப்பட்டது, ஏன் என்ற பதிவைச் சமூகவாரியாகத் தனியே வைத்திருங்கள்.

தொழில் நட்டத்தில் போவது நமக்குத் தெரிகிறது. சொல்வதா, வேண்டாமா?

சொல்ல வேண்டும், அதுவும் முன்கூட்டியே. துணைநிற்பவர்கள் இரக்கத்தால் மௌனம் காக்கும் மாதங்களில்தான் குடும்ப நகைகள் அடகுக்குப் போகின்றன. ஆனால் “மூடிவிடுங்கள்” என்று சொல்வதற்குப் பதிலாக மூன்று மாத வரவு செலவை அவரோடு சேர்ந்து எழுதுங்கள். எந்தப் பொருளில் இலாபம், எதில் இழப்பு, எந்தத் தேதியில் கையிருப்பு தீரும் என்பதை அவரே பார்ப்பார். மூடுவதென்று முடிவானால் பாக்கிகளை வரிசைப்படுத்துவதிலும், குத்தகையிலிருந்து விலகுவதிலும், பதிவை முறைப்படி ரத்து செய்வதிலும் உடனிருங்கள். ஒழுங்காக மூடியவர் மீண்டும் தொடங்க முடியும். ஓடிப்போனவர் என்று பெயர் வாங்கியவரால் முடியாது.

எவ்வளவு காலம் இப்படித் துணைநிற்க வேண்டியிருக்கும்?

இதைத் தொடக்கத்திலேயே எழுதி வைக்காததுதான் பல சங்கங்களின் சிக்கல். பிணைக் கடிதம் ஓராண்டுக்கு, கணக்கு உதவி இரண்டாண்டுக்கு, விரைவாகப் பணம் தரும் ஏற்பாடு ஒப்பந்தம் உள்ளவரை என ஒவ்வோர் உதவிக்கும் தனித்தனி முடிவுத் தேதி வையுங்கள். தொழில் வங்கியில் தன் பெயரிலேயே கடன் பெற்று, தன் கணக்காளருக்குத் தானே கட்டணம் கொடுக்கத் தொடங்கிவிட்டால், தேதிக்கு முன்பே விலகிக்கொள்ளலாம். முடிவுத் தேதி நெருங்கியும் அந்த நிலை வரவில்லை என்றால் உதவியை அப்படியே நீட்டிக்காமல், எது தடையாக நிற்கிறது என்று உட்கார்ந்து பாருங்கள். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளரின் தாமதமான பாக்கியாகவோ, பெயர் மாற்றப்படாத குத்தகையாகவோதான் இருக்கிறது.